தாத்தாவின் எழுபது சிசி

கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா (2007க்கு முன் பத்தாங் பெர்ஜுந்தை) எனப் போகும் வழியில் உள்ள தோட்டத்து வீடுகள் பலவற்றின் பின்புறத்தில், தகரக் கூரையின் கீழ் ஒரு பழைய ஹோண்டா கப்சாய் சாய்ந்து கிடக்கும். "பழைய இரும்புக்காரரிடம் போட வேண்டியதுதானே?" என்று கேட்பவர்கள் வெளியாட்கள் அல்லர், விடுமுறைக்கு வீடு திரும்பும் மாணவர்களாகிய நாம்தான். அந்தக் கேள்வியோடு எனக்கு உடன்பாடில்லை.

1958இல் ஜப்பானில் வெளிவந்த வண்டி இது. உணவு கொண்டு செல்லும் பையன் ஒரு கையில் தட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஓட்ட வேண்டும் என்பதற்காகக் கிளட்ச் பிடியே இல்லாமல் அமைத்தார்கள். அது யாருக்காகச் செய்யப்பட்டதோ, நம் பால்மரக் காட்டுக்கு அப்படிப் பொருந்திப் போயிற்று! 1950களின் இறுதியில் பினாங்கு லோ பூன் சியூ ஹோண்டா வண்டிகளை இங்கே கொண்டு வந்தார். 2017க்குள் உலகெங்கும் 10 கோடி கப் வண்டிகள் தயாராகிவிட்டன. அவற்றுள் ஒன்று என் தாத்தாவின் சி70. பால் வாளி, அரிசி மூட்டை, பிரசவ வலி கண்ட பாட்டி என எல்லாவற்றையும் சுமந்தது. தாத்தா இறந்தபின் ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் யாரும் அதைத் தொடவில்லை.

சென்ற விடுமுறையில் சித்தப்பாவும் நானும் அதைக் கையில் எடுத்தோம். உதைபடி அசையவே இல்லை. "பலத்தைக் காட்டாதே, உள்ளே பிஸ்டன் துருப்பிடித்து ஒட்டியிருக்கும்" என்றார் சித்தப்பா. பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே எண்ணெய் விட்டு இரண்டு நாள் ஊற வைத்தோம். மூன்றாம் நாள் மெல்ல மெல்ல அசைந்தது. அடுத்து கார்புரேட்டர்: பழைய பெட்ரோல் காய்ந்து வெல்லப்பாகு போலப் படிந்திருந்தது. ஜெட்டின் துளையை இரும்புக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும். மின்கம்பியிலிருந்து பிரித்த ஒரே ஓர் இழைச் செம்பு போதும். பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியை 0.3 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வைத்தோம். இருக்கைக்கு அடியில் உள்ள பெட்ரோல் தொட்டியில் சிறு நட்டுகளையும் மண்ணெண்ணெயையும் போட்டுக் குலுக்கத் துரு செந்நீராகக் கொட்டியது. (இது 6 வோல்ட் வண்டி. கடையில் சட்டெனக் கிடைக்கும் 12 வோல்ட் பல்பைப் போட்டுவிட்டு விளக்கு எரியவில்லை என்று புலம்பாதீர்கள்.)

எஞ்சின் பிடித்துக்கொண்டதும் பாட்டி அடுப்பை விட்டு ஓடி வந்தார்.

தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு இடைநிலைப்பள்ளியில் "எஞ்சின் அம்பாட் லெஜாங்" என்று மலாயில் படம் வரைந்து மதிப்பெண் வாங்கியவன் நான். ஆனால் அந்த நான்கு வீச்சு எங்கே நடக்கிறது என்று விரல் வைத்துக் காட்டியவர் மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திய சித்தப்பா. இத்தகைய அறிவுக்கு நம் சமுதாயம் என்ன மரியாதை தருகிறது?

வண்டியைப் பார்த்த சேகரிப்பாளர் ஒருவர் விலை பேசினார். புதுச் சாயம், புதுக் குரோமியம் எல்லாம் போட்டுக் கண்காட்சியில் வைப்பாராம். எனக்கு அதில் விருப்பமில்லை. வாளி உரசிய தழும்பு அப்படியே இருக்கட்டும். டயரும் பிரேக்கும் மட்டும் புதிதாக இருந்தால் போதும். அத்தையோ, "வித்துட்டு ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கலாம்டா" என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு, அவருக்கும் பங்குண்டு.

உண்மையான சிக்கல் எஞ்சினில் இல்லை, கெரானில் இருக்கிறது. வண்டி இன்னும் தாத்தாவின் பெயரில்தான். இறந்தவரின் சொத்தை வாரிசுக்கு மாற்றும் ஆவணம் இல்லாமல் பெயர் மாற்ற முடியாது. பெயர் மாறாமல் சாலை வரியும் காப்புறுதியும் ஒழுங்காக எடுக்க இயலாது. தோட்டம் கைமாறி, லயம் இடிபட்டு, அடுக்குமாடிக்குக் குடிபோகும் நாளில் இத்தகைய வண்டிகள் கிடைத்த விலைக்குப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார் தோட்டத்து மக்கள் ஒரு வீட்டுக்காகவே ஆண்டுக்கணக்கில் போராடியவர்கள். அவர்களுக்கு வண்டிக் கெரானை நினைக்க எங்கே நேரம்?

ஆகவே, நண்பர்களே, தாத்தா உயிரோடு இருக்கும்போதே கெரானை எடுத்துப் பாருங்கள். மலாய்ப் பாரங்களை நிரப்ப நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் இப்போது இறப்புச் சான்றிதழும் திருமணச் சான்றிதழும் கிடைத்துவிட்டன. அத்தையின் கையெழுத்துதான் பாக்கி.