பாட்டி பிறந்த ஊர் எது?

உங்கள் பாட்டியின் பெயரைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவீர்கள். அவர் வைத்த வற்றல் குழம்பைப் பற்றியும், சொன்ன கதைகளைப் பற்றியும் அரைமணி நேரம் பேசுவீர்கள். "அது சரி, பாட்டி பிறந்த ஊர் எது?" என்று கேட்டால், "தெற்கே... தாமிரபரணிக் கரைப் பக்கம் எங்கேயோ..." என்று இழுக்க வேண்டியிருக்கும்!

உங்கள் பேரில் குற்றமில்லை. நம் ஆண்பிள்ளைகளில் பலருக்கு ஊர் பெயரின் முன்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. பெண்களில் எம்.எஸ். சுப்புலட்சுமியைப் போல மதுரையைத் தம் பெயரோடு கடைசி வரை வைத்துக்கொண்டவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்களின் பிறந்த ஊர் கல்யாணப் பத்திரிகையோடு மறைந்து போயிற்று.

இனிஷியல் இருந்தால் மட்டும் என்ன? சி.என். அண்ணாதுரையின் 'சி' எந்த ஊர்? காஞ்சீபுரம்தான்! அந்தக் காலத்து இங்கிலீஷில் 'கான்ஜீவரம்' என்று எழுதியபோது அதன் முதல் எழுத்து 'சி'. இன்றைக்கு எழுதினால் 'கே' ஆகிவிடும். உங்கள் தாத்தாவின் பெயருக்கு முன்னால் 'டி' இருக்கிறதா? அது தஞ்சாவூராக இருக்கலாம். திருநெல்வேலியாகவோ, திருச்சிராப்பள்ளியாகவோ, தூத்துக்குடியாகவோ இருக்கலாம். எல்லாமே 'டி'தான்!

ஆகையால், குடும்ப வரலாறு எழுத நோட்டுப் புத்தகமும் கையுமாக உட்காரும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். பழைய ஊர்ப் பெயரைத் 'திருத்தி' எழுதாதீர்கள். காகிதத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதி, வருஷத்தையும் போடுங்கள். இன்றைய பெயர் அதற்குப் பக்கத்தில் வரட்டும்.

இதனால் என்ன லாபம் என்கிறீர்களா? செங்கோட்டையில் 1930-ல் ஓர் அம்மாள் பிறந்தார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானம். 1949-ல் திருவிதாங்கூர்-கொச்சி ஆயிற்று. 1956 நவம்பர் முதல் தேதி சென்னை ராஜ்யத்தில், திருநெல்வேலி ஜில்லாவில் சேர்ந்தது. 1969-ல் ராஜ்யத்தின் பெயர் தமிழ்நாடு என்று மாறியது. 2019-ல் தென்காசி மாவட்டம் வந்தது. அம்மாள் வீட்டு வாசற்படியைத் தாண்டவே இல்லை; விலாசம் மட்டும் மாறிக்கொண்டே வந்தது!

பேத்தி தன் நோட்டில் 'தென்காசி மாவட்டம்' என்று மட்டும் எழுதி வைத்தால் என்ன ஆகும்? பிற்காலத்தில் அந்த அம்மாளின் தகப்பனார் வாங்கிய நிலத்துப் பத்திரத்தைத் தேடுகிறவர்கள், பழைய திருநெல்வேலி ஜில்லா தஸ்தாவேஜுகளைப் புரட்டிப் புரட்டி அலுத்துப் போவார்கள். 1930-களில் எழுதிய பத்திரமோ திருவிதாங்கூர் சர்க்கார் காலத்தது. அதில் வருஷம்கூடக் கொல்லம் ஆண்டாக இருக்கும். கொல்லம் 1110 என்றால் நம் கணக்கில் 1934-35. இந்தச் சூட்சுமமெல்லாம் 'திருவிதாங்கூர்' என்ற ஒரு வார்த்தையில் அடங்கியிருக்கிறது. அதை அடித்துவிடலாமா?

மாயவரம், மாயூரம், மயிலாடுதுறை மூன்றும் ஒரே ஊர் என்று நமக்குத் தெரியும். நம் பேரன் பேத்திகளுக்குத் தெரியுமா? அந்த ஊர் 1991 வரை தஞ்சாவூர் ஜில்லா, பிறகு நாகப்பட்டினம், 2020 முதல் தனி மாவட்டம்.

தாத்தா பாட்டி காலத்தோடு இது முடிந்துவிடவில்லை. உங்களில் சிலருடைய சான்றிதழ்களிலேயே 'பெரியார் மாவட்டம்' என்றோ 'பசும்பொன்' என்றோ இருக்கும். 1997-ல் மாவட்டங்களுக்கு இருந்த தலைவர் பெயர்களை எடுத்துவிட்டார்கள். ஈரோடும் சிவகங்கையும்தான் அவை என்று இப்போதே குறித்து வையுங்கள்.

கடல் கடந்து போன குடும்பங்களில் விசித்திரம் இன்னும் அதிகம். ரங்கூன் 1989-ல் யாங்கோன் ஆயிற்று. சிங்கப்பூரை ஜப்பானியர் பிடித்திருந்த 1942 முதல் 1945 வரை அதற்குச் 'சியோனான்' என்று பெயர். 1943-ல் அங்கே பிறந்த குழந்தையின் காகிதத்தில் ஊர் 'சியோனான்' என்றும், வருஷம் ஜப்பானியக் கணக்கில் 2603 என்றும் இருக்கலாம். எழுத்துப் பிழை என்று நினைத்து மாற்றிவிடாதீர்கள்! யுத்த காலத்தில் அந்தத் தாய் எங்கே, யார் ஆட்சியில் பிள்ளை பெற்றாள் என்பதற்கு அதுதானே சாட்சி?

நோட்டில் ஒவ்வோர் ஊருக்கும் நான்கு கட்டம் போடுங்கள். முதலாவதில், காகிதத்தில் உள்ள பெயர். இரண்டாவதில், என்ன காகிதம், எந்த வருஷம். மூன்றாவதில், அப்போதைய தாலுகா, ஜில்லா, ராஜ்யம். நான்காவதில், இன்றைய பெயரும் மாவட்டமும். தாலுகாவை விட்டுவிடாதீர்கள். ஏனென்றால் திருப்பத்தூர் சிவகங்கை மாவட்டத்திலும் உண்டு; வடக்கே தனி மாவட்டத் தலைநகராகவும் உண்டு. ஆலங்குடியும் இரண்டு: திருவாரூர் மாவட்டத்தில் ஒன்று, புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒன்று.

பரணில் கிடக்கும் கல்யாணப் பத்திரிகைகளையும் தபால் கார்டுகளையும் பழைய காகிதக்காரருக்குப் போடுமுன் ஒரு முறை பாருங்கள். கார்டின் மேல் உள்ள தபால் முத்திரையில் ஊரும் தேதியும் சேர்ந்தே இருக்கும்.

காகிதம் ஒன்றுமே இல்லையா? வீட்டில் இருக்கும் பெரியவர்களைக் கேளுங்கள். "எந்த ஊர்?" என்று மட்டும் கேட்டால் போதாது. எந்த ரயில் ஸ்டேஷனில் இறங்கி வண்டி கட்டுவார்கள், எந்த ஆற்றில் குளித்தார்கள், எந்த அம்மனுக்குப் பொங்கல் வைத்தார்கள், சந்தைக்கு எங்கே போனார்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பெயர் இன்றைய வரைபடத்தில் இல்லாவிட்டாலும் பாதகமில்லை. அவர்கள் வாயால் சொன்ன மாதிரியே எழுதிக்கொள்ளுங்கள். வரைபடத்தில் அப்புறம் தேடிக்கொள்ளலாம். சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டு வைப்பதுதான் முக்கியம்.