அத்தை அம்மாவாகும்போது

பெங்களூர் ஆஸ்டின் டவுனின் நெருக்கமான தெருக்களில் தமிழும் கன்னடமும் உருதும் கலந்து கேட்கும். பக்கத்திலிருக்கும் விவேக் நகரில் குழந்தை ஏசு ஆலயம். வியாழக்கிழமைகளில் சர்ச்சுக்குப் போகிறவர்கள் மட்டுமல்ல, கோயிலுக்குப் போகிறவர்களும் அங்கே மெழுகுவர்த்தியோடு வரிசையில் நிற்பார்கள். குழந்தை வேண்டி நிற்பவர்களும் அதில் உண்டு. பிரார்த்தனை பலிக்காத வீடுகளுக்கு நம்மிடையே ஒரு பழைய வழி இருக்கிறது. தம்பி தன் பிள்ளைகளில் ஒன்றைத் தூக்கி அக்கா மடியில் வைத்து, "இனிமேல் இது உன் பிள்ளை" என்று சொல்லிவிடுவான்.

அக்கா அடுத்த தெருவில் குடியிருந்தவரை இதில் பெரிய சிக்கல் வந்ததில்லை. அவள் மெல்போர்னிலோ நியூஜெர்சியிலோ இருக்கும்போதுதான் தகராறு ஆரம்பிக்கிறது.

வழக்கமாக நடப்பது இதுதான். லீவில் வரும் அக்காவும் அத்தானும் பெரியவர்கள் முன்னிலையில் குழந்தையை வாங்கிக்கொள்கிறார்கள். புரோகிதர் வருகிறார், விருந்து நடக்கிறது, சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் தத்துப் பத்திரமும் பதிவாகிறது. 1956ஆம் வருட இந்து தத்தெடுப்புச் சட்டப்படி, மற்ற நிபந்தனைகள் சரியாக இருந்தால், இந்தியாவுக்குள் இது செல்லும். ஆனால் அந்தப் பத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு குழந்தையை விமானத்தில் ஏற்ற முடியாது. அக்காவுக்கு லீவு முடிந்துவிடும். சட்டப்படி யாருக்குப் பிள்ளை, நிஜத்தில் யார் வளர்ப்பது என்று தெரியாமல் குழந்தை இரண்டு வீட்டுக்கும் நடுவில் நிற்கும்.

"எங்கள் ரத்தம், எங்கள் பிள்ளை. இதில் சர்க்காருக்கு என்ன வேலை?" என்ற கோபம் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் கெடுபிடிக்குக் காரணம் உண்டு. இந்தியக் குழந்தைகளை வெளிநாட்டுக்குத் தத்துக் கொடுப்பதில் நடந்த முறைகேடுகள் பற்றி லக்ஷ்மி காந்த் பாண்டே என்ற வக்கீல் 1982இல் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்ட கோர்ட், 1984 பிப்ரவரியில் நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பில் விரிவான விதிகளை வகுத்தது. வளர்க்கப்போகும் குடும்பத்தை அந்த நாட்டிலேயே ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும், யாரும் இதில் லாபம் பார்க்கக் கூடாது, முதல் வாய்ப்பு இந்தியக் குடும்பங்களுக்கே என்பவை அவற்றில் முக்கியமானவை. காரா எனப்படும் மத்திய தத்தெடுப்பு அமைப்பு 1990இல் வந்தது. நாடு விட்டு நாடு தத்தெடுப்பது பற்றிய 1993ஆம் வருட ஹேக் ஒப்பந்தத்தை இந்தியா 2003இல் ஏற்றது.

அதற்குப் பிறகும் அதிர்ச்சிகள் ஓயவில்லை. 1990களின் கடைசியில் சென்னைக் குடிசைப் பகுதிகளிலிருந்து திருடப்பட்ட குழந்தைகள் பொய்க் காகிதங்களோடு வெளிநாட்டுப் பெற்றோர்களுக்குத் தரப்பட்டது 2005இல் அம்பலமானது. வாங்கியவர்களுக்கு அது திருட்டுக் குழந்தை என்று தெரியாது. தொலைத்தவர்களோ பல வருடங்கள் தேடி அலைந்தார்கள். உறவு என்று சொல்லிக்கொண்டு கடத்தல்காரனும் வரலாம், சம்பளமில்லாத வேலைக்காரி தேடுகிறவர்களும் வரலாம். நல்ல அத்தையை அவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுவது விசாரணை ஒன்றுதான்.

உறவுக்குள் கொடுப்பதற்கு 2015ஆம் வருட சிறார் நீதிச் சட்டம் தனி வழியே வைத்திருக்கிறது. பெற்றோரின் உடன்பிறந்தவர்கள், தாத்தா, பாட்டி ஆகியோர் இதில் வருவார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் சேர்ந்து வாழும் ஆஸ்டின் டவுன் போன்ற இடங்களில் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 1956ஆம் வருடச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது. பல காலம் அவர்கள் கார்டியனாக மட்டுமே இருக்க முடிந்தது. சிறார் நீதிச் சட்டத்துக்கு மதம் கிடையாது. எந்த மதத்தவரும் அதன்படி தத்தெடுக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட் 2014இல் தெளிவாகச் சொன்னது.

முறை இதுதான். முதலில் அசைய வேண்டியது வெளிநாட்டில் இருக்கும் குடும்பம். அங்குள்ள அங்கீகாரம் பெற்ற ஏஜென்சியையோ அந்த நாட்டு மத்திய அமைப்பையோ அணுகி, தங்கள் வீடு, வருமானம், உடல்நலம் பற்றிய ஆய்வறிக்கை பெற்று, காராவின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். அமெரிக்காவில் குடியிருக்கும் அமெரிக்கக் குடிமக்களானால், தத்தெடுப்பு முடிவதற்கு முன்பே அந்த நாட்டுக் குடியேற்றத் துறையின் ஒப்புதலைப் பெற்றாக வேண்டும். தத்தெடுத்துவிட்டு அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்றால் கதவு மூடிவிடலாம்.

இங்கே மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலுவலகம் பெற்ற குடும்பத்தை நேரில் விசாரிக்கும். கொடுக்கச் சம்மதமா, யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா, பணம் கைமாறியதா என்று கேட்பார்கள். குழந்தைக்கு ஐந்து வயது ஆகியிருந்தால் அதன் சம்மதமும் வேண்டும். தத்து உத்தரவு போடும் அதிகாரம் 2022 செப்டம்பரிலிருந்து கோர்ட்டிடமிருந்து மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கு மாறிவிட்டது. கர்நாடகத்தில் அவர் டெபுடி கமிஷனர், தமிழ்நாட்டுக்காரர்களுக்குக் கலெக்டர். மனு போட்ட இரண்டு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். அதன்பின் காராவின் ஆட்சேபணையில்லாச் சான்று, புதிய பெற்றோர் பெயரோடு பாஸ்போர்ட், விசா. ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் இரண்டு வருடம் குழந்தை எப்படி இருக்கிறது என்று அறிக்கை வந்துகொண்டிருக்கும். முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒன்று, இரண்டாம் வருடம் ஆறு மாதத்துக்கு ஒன்று.

ஏற்கெனவே இந்து முறைப்படி கொடுத்து வாங்கிவிட்டவர்களுக்கும் கதவு முழுவதும் அடைபடவில்லை. அத்தகைய தத்தெடுப்புகளையும் சரிபார்த்துக் காரா சான்று தர 2021 முதல் விதிகள் இருக்கின்றன. சுற்றுவழிதான், ஆனால் வழி இருக்கிறது.

காகிதங்களுக்கு எட்டாத விஷயமும் ஒன்று உண்டு. தத்து முடிந்ததும் அத்தை அம்மாவாகிறாள். பெற்ற அப்பா மாமாவாகிறார், பெற்றவள் அத்தையாகிறாள். பெரியவர்களுக்கே நாக்கு தடுமாறும் மாற்றம் இது. குழந்தைக்குத் தெரியாமலே வைத்துவிடலாம் என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். ஒரு கல்யாண வீட்டில் யாரோ ஒரு பாட்டி ஒரே வார்த்தையில் அதைப் போட்டு உடைத்துவிடுவார்.

சட்டம் மறைக்கச் சொல்லவில்லை. உறவுக்குள் தத்துப் போன குழந்தை, பெற்றவர்களோடும் கூடப்பிறந்தவர்களோடும் அவ்வப்போது தொடர்பு வைத்துக்கொள்ள வளர்ப்புப் பெற்றோர் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 60ஆவது பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. ஆகவே கூடிப் பேசும் பெரியவர்கள், விருந்துக்கு நாள் குறிக்கும் முன் இரண்டு விஷயங்களை முடிவு செய்வது நல்லது. வெளிநாட்டில் முதல் மனுவை எப்போது போடுவது என்பது ஒன்று. குழந்தைக்கு உண்மையை யார், எந்த வயதில் சொல்வது என்பது இன்னொன்று.