பேய் முட்டை

எமது இளைய மகளின் பதினாறாவது பிறந்தநாள் நெருங்கிய வேளை, மாலை விருந்துக்கு யாது செய்வதென்ற ஆலோசனை வெள்ளவத்தையிலுள்ள எமது தொடர்மாடி வீட்டில் மூன்று நாட்கள் நடைபெற்றது. றோலும் பற்றிசும் கட்லற்றும் எல்லார் வீட்டு விருந்திலும் உள்ளவைதாமே; தனக்கு ‘டெவில்ட் எக்’ வேண்டுமென்று மகள் ஒரே பிடியாக நின்றாள். உடனே எமது துணைவியார் பெரிய வெங்காயம், கறிமிளகாய், தக்காளி என்று பட்டியல் எழுதத் தொடங்கிவிட்டார். அதிற் பிழையொன்றும் இல்லை. கொழும்பிலே ‘டெவில்’ என்றால் கோழியையோ இறாலையோ இவற்றோடு சேர்த்துப் பெருந்தீயிற் புரட்டிச் சிவக்க இறக்கும் உறைப்புப் பண்டம் என்றே பொருள். மகள் கேட்டதோ வேறு. அவித்த முட்டையை இரண்டாகப் பிளந்து, மஞ்சட்கருவை எடுத்துக் காரமாகப் பிசைந்து, மீண்டும் அந்தக் குழியிலேயே நிரப்பிக் குளிரக் குளிரப் பரிமாறும் மேனாட்டுச் சிற்றுண்டி.

பெயரின் பொருளை விசாரித்தறிந்த எமது மாமியார், “பிள்ளையின்ரை பிறந்தநாளுக்குப் பேயின்ரை பேரிலை ஒரு தீனியோ?” என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர், நாவைச் சுடுமளவுக்கு மிளகும் கடுகும் இட்டுச் சமைத்த எதனையும் பேயோடு சேர்த்துப் பேசத் தலைப்பட்டனர். நரகத்தின் வெம்மையை நினைந்து இட்ட பெயர் போலும். எமது அம்மாமார் நாள்தோறும் ஆக்கும் குழம்பை அவர்கள் உண்டிருந்தால் அதற்கு என்ன பெயர் சூட்டியிருப்பார்களோ, அறியோம்.

பெயர் ஆங்கிலேயருடையது, பண்டமோ அவர்களிலும் மூத்தது. ஸ்பெயினின் அந்தலூசியப் பகுதியிலே, 13ஆம் நூற்றாண்டில், அரபு மொழியில் எழுதப்பட்ட சமையல் நூலொன்றில் இதன் முன்னோடியைக் காணலாம். அவித்த முட்டையின் மஞ்சட்கருவைக் கொத்தமல்லி இலை, வெங்காயச்சாறு, மிளகு, மல்லித்தூள், எண்ணெய், உப்பு ஆகியவற்றோடு இடித்துச் சேர்த்து, வெள்ளைக்கருவில் நிரப்பி, இரு பாதிகளையும் பொருத்திச் சிறு குச்சியாற் குத்தி வைப்பார்களாம். மல்லியும் மிளகும் வெங்காயமும் எமது அடுக்களைக்கு அந்நியமல்லவே என்று எடுத்துரைத்ததும் மாமியார் ஒருவாறு அமைதியடைந்தார். அந்நூலில் மிளகாய் இல்லை, இருக்கவும் முடியாது. அது அமெரிக்கக் கண்டத்துப் பயிர். 1492இல் கொலம்பஸ் கடல் கடந்த பின்னரே ஏனைய நாடுகள் அதனை அறிந்தன. 1505இல் இலங்கைக் கரையை அடைந்த போர்த்துக்கேயரின் காலத்திலேதான் எமக்கும் அது பழக்கமாயிற்று. அதற்கு முன் எமது உறைப்பெல்லாம் மிளகே. கொச்சிக்காய் என்று நாம் சொல்லும்போதும், கொட்டாஞ்சேனைக்கு அடுத்த கொச்சிக்கடையை நினைக்கும்போதும், அக்கரைத் துறைமுகம் ஒன்றின் பெயர் காதில் ஒலிக்கின்றது.

இது நிற்க. எம்மை உண்மையில் வருத்திய விடயம் வேறொன்று.

கொட்டாஞ்சேனையில் எமது பெரியம்மா வசிக்கிறார். வயது எழுபத்தெட்டு. சிவதீட்சை பெற்ற நாள் முதலாக மச்சம் தொடாதவர். முட்டையும் அவருக்கு மச்சமே. சில ஆண்டுகளுக்கு முன் எமது வீட்டு விருந்தொன்றில், “இது மரக்கறிக் கட்லற்தான், பெரியம்மா, சாப்பிடுங்கோ” என்று நாமே எமது கையால் எடுத்துக் கொடுத்தோம். உள்ளே உருளைக்கிழங்கும் கரட்டும் மட்டுந்தான் இருந்தன. ஆனால் பாண்தூளில் உருட்டுவதற்கு முன் கட்லற்றை அடித்த முட்டையில் தோய்ப்பது வழக்கமென்பது அவ்வேளை எமது சிந்தைக்கு வரவில்லை. சமையலறையிலிருந்து ஒரு சிறுவன், முட்டை முடிந்துவிட்டது, இன்னும் பத்துக் கட்லற் தோய்க்கக் கிடக்கிறது என்று உரத்துச் சொன்னான். பெரியம்மா பாதியைப் பீரிசில் வைத்தார். எழுந்து சென்று வாய் கொப்பளித்தார். திரும்பி வந்து, ஒன்றும் நடவாதது போலப் பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருந்தார். எம்மை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதன் பின் எந்த விருந்துக்கு வந்தாலும் பையிலே இரண்டு வாழைப்பழம் கொண்டு வருவார். வெறுந்தேநீர் மாத்திரம் வாங்கிக் குடிப்பார். அந்தப் பையை நாம் காணும்போதெல்லாம் எமக்கு உண்டாகும் கூச்சத்தை எழுத இயலாது.

ஆகவே இம்முறை முட்டை ஒரு புறமும், அதே காரத்தை நிரப்பிய உருளைக்கிழங்கு மறுபுறமும் என்று முடிவு செய்தோம். கட்லற்றைத் தோய்க்க முட்டைக்குப் பதில் கோதுமை மாக்கரைசல். அதனாற் குறையொன்றும் இல்லை, நன்றாகவே மொறுமொறுத்தது.

முட்டை விடயத்தில் எம்முடன் கற்பிக்கும் இரசாயன ஆசிரியர் பேருதவி புரிந்தார். அன்றிட்ட முட்டையை அவித்தால் ஓட்டோடு வெள்ளைக்கருவும் பிய்ந்து வரும். ஒரு கிழமை பழகிய முட்டையே இதற்கு நல்லது என்றார். நாட்செல்லச் செல்ல முட்டையினுள் இருக்கும் கரியமிலவாயு ஓட்டின் நுண்துளைகளால் வெளியேறி, வெள்ளைக்கருவின் காரத்தன்மை கூடுவதால் சவ்வின் பிடி தளர்கிறதாம். பன்னிரண்டு முட்டைகளைக் கரண்டியால் மெல்லக் கொதிநீரில் இறக்கி, தீயைத் தணித்து, பன்னிரண்டு நிமிடம் வைத்தோம். உடனே பனிக்கட்டி இட்ட நீருக்கு மாற்றினோம். கொழும்புக் குழாய் நீரின் குளிர்ச்சியை நம்பலாகாது. நெடுநேரம் அவிந்தால் வெள்ளைக்கருவிலுள்ள கந்தகமும் மஞ்சட்கருவிலுள்ள இரும்பும் கூடி, மஞ்சளைச் சுற்றிப் பச்சை வளையம் தோன்றும். அதனால் தீங்கு இல்லை, அழகுதான் கெடும்.

நீளவாக்கிற் பிளந்தால் இருபத்துநான்கு பாதிகள். ஒவ்வொன்றின் அடியையும் மயிரளவு சீவிவிட்டால் தட்டில் உருளாது. பன்னிரண்டு மஞ்சட்கருவுக்கு, துணியிற் கட்டி நீர் வடித்த எருமைத் தயிர் மூன்று மேசைக்கரண்டி, வெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, அரைத்த கடுகு ஒரு தேக்கரண்டி, கட்டைத்தூள் ஒரு தேக்கரண்டி, மிளகுதூள் அரைத் தேக்கரண்டி, பாதித் தேசிக்காயின் புளி, அளவான உப்பு. பொடியாக அரிந்த சின்ன வெங்காயத்தையும் பச்சைமிளகாயையும் கடைசியிற் சேர்க்க வேண்டும். முந்திச் சேர்த்தால் உப்புப் பட்டு நீர் விடும். மேனாட்டார் இடும் மயோனைசை வீட்டிற் பச்சை முட்டையில் அடித்துச் சேர்ப்பது எமது சுவாத்தியத்துக்கு ஏற்றதன்று. மேலே பொரித்த கறிவேப்பிலை ஒவ்வொன்று வைத்தோம்.

உறைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. மிளகாயின் காரச்சத்து நீரிற் கரையாது, கொழுப்பிலே கரையும். மஞ்சட்கருவின் நிறையில் ஏறக்குறைய நாலிலொரு பங்குக்கு மேல் கொழுப்பு. ஆதலால் நாவில் வைத்ததும் சாதுவாக இருந்து, விழுங்கும்போதுதான் தன் குணத்தைக் காட்டும். சுவை பார்ப்பவர் உடனே இன்னும் தூளை அள்ளிப் போடாமற் சற்றுப் பொறுக்க வேண்டும். உறைத்துவிட்டால் தண்ணீர் பயன்படாது, மோரே மருந்து.

கிழங்கைத் தோலோடு அவித்து, பாதியாக வெட்டி, நடுவைத் தோண்டிப் பிசைந்து, அதே சரக்குகளைச் சேர்த்தோம். கிழங்கிற் கொழுப்பு இல்லாமையால் காரம் நேரே தாக்குமென்று தூளைப் பாதியாகக் குறைத்தோம். மஞ்சள் இட்டு இதையும் முட்டை போலவே தோற்றச் செய்யலாம் என்றாள் மகள். கூடாதென்று மறுத்தோம். முட்டை உண்ணாதவர் தட்டைக் கண்டதும் ஐயுறாதிருக்க வேண்டுமானால், கிழங்கு கிழங்காகவே தெரிய வேண்டும். தோலை நீக்காமல் விட்டதும் இதனாலேயே. கத்தி, கரண்டி, தட்டு யாவும் வேறு. மேசையும் வேறு.

முட்டைத் தட்டை விருந்தினர் வந்த பின்னரே குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தோம். இத்தகைய பண்டத்தை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்தலாகாது. வெப்பம் 32 பாகைக்கு மேற்பட்டால் ஒரு மணி நேரமே கணக்கு. ஆனால் அரைமணிக்குள் தட்டு வெறுமையாயிற்று. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்ய நேர்ந்த தட்டுப்பாட்டுக் காலம் எமது துணைவியாருக்கு இன்னும் மறக்கவில்லை. ஆளுக்கு அரை முட்டையில் விருந்து நிறைவேறியதில் அவருக்கு அளவிலா மகிழ்ச்சி.

பெரியம்மா வழக்கம் போலப் பையோடு வந்தார். நாம் அவரைச் சிறிய மேசைக்கு அழைத்துச் சென்று, எது எதில் என்ன சேர்ந்திருக்கிறது, எந்தச் சட்டியில் ஆக்கியது, கட்லற்றை எதில் தோய்த்தது என்பதனைத்தையும் ஒன்றுவிடாமற் சொன்னோம். அன்று சொல்லத் தவறியதையும் சேர்த்துச் சொன்னோம். அவர் எமது முகத்தைச் சிறிது நேரம் பார்த்தார். பின்பு ஒரு கிழங்குப் பாதியை எடுத்து, தோலைத் தடவிப் பார்த்து, வாயிலிட்டு மென்றார்.

“பிள்ளை, உறைப்புக் காணாது” என்றார்.

மகள் கட்டைத்தூள்ப் போத்தலை எடுத்து வர உள்ளே ஓடினாள்.