கோட்டம் எடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள்



உங்கள் வீட்டுத் திண்ணையிலோ மாடிப்படியின் கீழோ ஓடாத மிதிவண்டி ஒன்று சாய்ந்து நிற்கிறதா? பெரும்பாலும் அதன் குறை பெரியதாக இராது. சக்கரம் சற்றே கோணியிருக்கும். சுழலும்போது பிரேக் கட்டையில் உரசும். "வீல் போய்விட்டது" என்று சொல்லி மூலையில் சாத்திவிடுகிறோம். அரசு தந்த விலையில்லா மிதிவண்டியில் பள்ளிக்குச் சென்ற 11-ஆம் வகுப்பு மாணவி அன்றுமுதல் பேருந்துக்குக் காத்திருக்கிறாள்; பேருந்து வராத ஊரென்றால் நடக்கிறாள். ஆகவே, கோட்டம் எடுக்கும் சிறு வித்தையை வீட்டுக்கு ஒருவராவது அறிந்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

முதலில் சக்கரத்தின் இயல்பை அறிந்துகொள்ளுங்கள். மாட்டுவண்டிச் சக்கரம் தடித்த மரக்கால்களை ஊன்றி நிற்கிறது. மிதிவண்டிச் சக்கரமோ மெல்லிய கம்பிகளின் இழுவிசையால் நிலைபெறுகிறது. 1808-ஆம் ஆண்டில் ஜார்ஜ் கேலி என்ற ஆங்கிலேயர், தாம் கனவு கண்ட பறக்கும் இயந்திரத்துக்கு எடை குறைந்த சக்கரம் தேடியபோது கண்ட வழி இது. நம் ஊர்ப் பெரிய மிதிவண்டிகளில் முன்சக்கரத்தில் 32 கம்பிகளும் பின்சக்கரத்தில் 40 கம்பிகளும் இருப்பது வழக்கம். அவற்றில் பாதி ரிம்மை வலப்புறமும் பாதி இடப்புறமும் இழுக்கின்றன. இவ்விரு இழுப்பும் சமமாக உள்ளவரை சக்கரம் நேராக ஓடும்.

இனிச் செய்முறை. வண்டியைத் தலைகீழாக நிறுத்துங்கள். ரிம்மின் ஓரத்தை நெருங்கியவாறு சுண்ணக்கட்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தை மெல்லச் சுழற்றுங்கள். கோடு விழும் இடமே கோணல். ரிம் வலப்புறம் விலகியிருந்தால், அவ்விடத்தில் இடப்புறக் கம்பிகளைச் சற்று முறுக்கி, வலப்புறக் கம்பிகளைச் சற்றுத் தளர்த்துங்கள். கம்பியின் நுனியிலுள்ள நிப்பிளை ஒரு தடவைக்குக் கால் சுற்று திருப்பினால் போதும். டயர் இருக்கும் திசையிலிருந்து பார்க்கையில் கடிகார முள் போகும் போக்கில் திருப்பினால் இறுகும். பிறகு மீண்டும் சுழற்றிப் பாருங்கள்.

இங்கேதான் அவசரக்காரர் இடறுகிறார். கோணிய இடத்தில் ஒரு பக்கத்தை மட்டும் இறுக்கிக்கொண்டே போகிறார். பக்கவாட்டுக் கோணல் மறைகிறது. ஆனால் அவ்விடத்தில் ரிம் உள்வாங்கி வட்டமே கெட்டுவிடுகிறது. ஒரு கம்பியை இறுக்குவதற்குமுன் அதன் எதிர்ப்பக்கத்துக் கம்பியையும் எண்ணிப்பார்க்க வேண்டும். பொறுமை என்பதைச் சொல்லிக் கொடுப்பது கடினம். ஒரு சக்கரத்தையும் நிப்பிள் சாவியையும் பிள்ளையின் கையில் கொடுத்தால் அரை மணி நேரத்தில் அது தானே கற்றுக்கொள்ளும்.

பராமரிப்பும் எளிதே. மாதம் ஒருமுறை கம்பிகளை விரலால் மீட்டிப் பாருங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே ஒலி தர வேண்டும். மந்தமாக ஒலிப்பது தளர்ந்த கம்பி. இறுகிய கம்பியே சீக்கிரம் அறும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில், தளர்ந்த கம்பியே ஒவ்வொரு சுற்றிலும் தொய்ந்தும் விறைத்தும் களைத்து, ஹப்பை ஒட்டிய வளைவில் முறிகிறது. முறிந்ததை அன்றே மாற்றுங்கள். அதன் சுமை பக்கத்துக் கம்பிகள்மேல் விழுகிறது. துருப்பிடித்த நிப்பிளுக்கு ஒரு துளி எண்ணெய் விட்டபின் திருப்புங்கள். ரிம்மில் வழிந்ததைத் துடைத்துவிடுங்கள்.

"சைக்கிள் கடைக்காரரின் பிழைப்பு என்னாவது?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பள்ளத்தில் மோதி மடங்கிய ரிம்மும், வெடிப்பு விட்ட ரிம்மும், புதுச் சக்கரம் கோத்தலும் அவருடைய கைக்கே உரியவை. கம்பிகளை ஒன்றையொன்று குறுக்கிட வைத்துக் கோப்பதை அவர் அருகில் நின்று கவனித்துப் பழகினால், ஒருநாள் நீங்களும் வீட்டில் கோக்கலாம். அந்த வேலையின் நுட்பத்தை அறிந்தவர் அவரிடம் கூலிக்குப் பேரம் பேசமாட்டார். மேலும், பல சிற்றூர்களில் இன்று அத்தகைய கடையே இல்லை.

இந்த வாரம் அந்த மூலையிலிருக்கும் வண்டியை வெளியே எடுங்கள். பிள்ளைகளை அருகில் அமர்த்திச் சக்கரத்தைச் சுழற்றுங்கள். திங்கட்கிழமை காலையில் அது மீண்டும் பள்ளிக்குப் போகட்டும்.