இந்தியரைத் திருமணம் செய்தால் குடியுரிமை கிடைக்குமா? தாப்பாத்தி முகாம் குடும்பங்களைத் தடுக்கும் சட்டத்தின் ஒரு வரி

எட்டயபுரம் என்றதும் பலருக்கும் பாரதியார் பிறந்த வீடுதான் நினைவுக்கு வரும். அந்த ஊருக்குப் பக்கத்திலேயே, தாப்பாத்தியில், இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்று இருக்கிறது. போர்க்காலத்தில் படகேறி வந்தவர்களும், அவர்களுக்கு இங்கேயே பிறந்த பிள்ளைகளும், அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளும் வாழும் இடம்.

இத்தனை வருஷம் ஒரே வட்டாரத்தில் வாழ்ந்தால் என்ன நடக்கும்? ஒரே பள்ளிக்கூடம், ஒரே பஸ், ஒரே வேலைத்தளம். முகாமுக்கு வெளியே கல்யாண சம்பந்தமும் வரும். அப்படிக் கல்யாணம் ஆகும்போது இரண்டு வீட்டாரும் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: "மாப்பிள்ளை இந்தியர்தானே, பொண்ணுக்கும் குடியுரிமை வந்துடும்ல?"

தானாக வராது. இந்தியச் சட்டப்படி திருமணம் என்பது குடியுரிமை அல்ல, விண்ணப்பிப்பதற்கான ஒரு தகுதி மட்டுமே. அந்தத் தகுதியும் முகாம்வாசிகளில் பெரும்பாலோருக்குக் கிடைப்பதில்லை. காரணம், அவர்கள் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்பதோ எத்தனை வருஷம் இங்கே இருந்தார்கள் என்பதோ அல்ல. அவர்களோ அவர்களுடைய பெற்றோரோ கடலை எப்படிக் கடந்தார்கள் என்பதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தில் 5ஆவது பிரிவு, பதிவு மூலம் குடியுரிமை பெறுவதைப் பற்றியது. இந்தியக் குடிமகனையோ குடிமகளையோ மணந்த வெளிநாட்டவர், விண்ணப்பிப்பதற்கு முன் 7 ஆண்டுகள் இந்தியாவில் வழக்கமாக வசித்திருக்க வேண்டும். இந்த 7 ஆண்டு கணக்கையும் சட்டமே விளக்குகிறது: விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 12 மாதங்கள் முழுவதும் இங்கே இருந்திருக்க வேண்டும், அதற்கு முந்தைய 8 ஆண்டுகளில் 6 ஆண்டுகளாவது இருந்திருக்க வேண்டும். விண்ணப்பம் மாவட்ட ஆட்சியர் வழியாக மாநில அரசுக்கும், அங்கிருந்து மத்திய உள்துறை அமைச்சகத்துக்கும் போகும். முடிவெடுப்பது உள்துறை அமைச்சகம். தூத்துக்குடி ஆட்சியர் நினைத்தாலும், சென்னைக் கோட்டை நினைத்தாலும் குடியுரிமை தர முடியாது.

திருமணம் இல்லாமலும் இதே பிரிவில் ஒரு வழி உண்டு. இந்திய வம்சாவளியினர் 7 ஆண்டுகள் வசித்திருந்தால் விண்ணப்பிக்கலாம். ஆனால் வம்சாவளி என்பதற்குச் சட்டம் வைத்திருக்கும் அளவுகோல் ரொம்பக் குறுகலானது. விண்ணப்பிப்பவரோ, அவருடைய அப்பா அல்லது அம்மாவோ பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்திருக்க வேண்டும். தாத்தா திருநெல்வேலிச் சீமையிலிருந்து கண்டிக்குத் தேயிலை பறிக்கப் போனவர் என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது.

மூன்றாவது வழி, 6ஆவது பிரிவின்படி இயல்புரிமை. இதற்குக் கடைசி 12 மாதங்களும், அதற்கு முந்தைய 14 ஆண்டுகளில் 11 ஆண்டுகளும் இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள ஒரு மொழி தெரிந்திருக்க வேண்டும். தமிழ் அந்த அட்டவணையில் இருக்கிறது. 35 வருஷமாக முகாமில் இருப்பவருக்கு இதைவிட எளிதான நிபந்தனை இருக்க முடியுமா?

இங்கேதான் அந்த ஒரு வரி குறுக்கே வருகிறது. இந்த மூன்று வழிகளும் 'சட்டவிரோதக் குடியேறி'க்குக் கிடையாது. செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டோ பயண ஆவணமோ இல்லாமல் நுழைந்தவர், அல்லது முறையாக வந்து அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கியவர் என்பதுதான் அதன் வரையறை. 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இது சேர்க்கப்பட்டு, 2004 டிசம்பர் 3 முதல் நடைமுறைக்கு வந்தது. ஷெல் விழும்போது தலைமன்னாரிலிருந்து படகேறியவர் கையில் விசா இருந்திருக்காது என்பதைச் சொல்லத் தேவையில்லை. படகில் கைக்குழந்தையாக வந்தவருக்கும் இதே வரையறைதான்.

ஒரே ஊர், இரண்டு மருமகள்கள்

ஒரு உதாரணம் வைத்துப் பார்ப்போம். கோவில்பட்டியில் ஒரே தெருவில் இரண்டு வீடுகள். இரண்டு வீட்டுக்கும் இலங்கை மருமகள்கள். ஒருவர் கொழும்பிலிருந்து விமானத்தில், விசாவோடு வந்து, அதை ஒழுங்காகப் புதுப்பித்துக்கொண்டே வருகிறார். இன்னொருவர் 1990இல் மூன்று வயதில் அம்மாவின் மடியில் படகில் வந்து முகாமில் வளர்ந்தவர்.

முதல் மருமகள் 7 ஆண்டுகள் முடிந்ததும் திருமணப் பதிவுச் சான்றிதழ், கணவர் இந்தியர் என்பதற்கான ஆவணம், தன் பாஸ்போர்ட், வசிப்பு அனுமதி ஆகியவற்றோடு விண்ணப்பிக்கலாம். இரண்டாவது மருமகள் 30 ஆண்டுகளுக்கு மேல் இங்கே வாழ்ந்தவர், பள்ளிப்படிப்பும் இங்கேதான். அவருடைய விண்ணப்பம் முதல் படியிலேயே நின்றுவிடும்.

பாதிப்பு அவரோடு முடிந்துவிட்டால்கூடப் பரவாயில்லை. பிள்ளைகளுக்கும் போகிறது.

பிறப்பால் குடியுரிமை தரும் 3ஆவது பிரிவில் மூன்று காலக்கட்டங்கள் இருக்கின்றன. வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது பலர் முதல்முறையாகக் கேள்விப்பட்ட அதே தேதிகள்தான் இவை. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும் இந்தியர். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவருக்கு அப்பா, அம்மா இருவரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு பிறந்தவருக்கு இருவருமே இந்தியராக இருக்க வேண்டும். ஒருவர் மட்டும் இந்தியர் என்றால், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது.

இப்போது அந்த இரண்டு வீட்டுக் குழந்தைகளையும் பாருங்கள். இருவருமே 2006இல் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் பிறந்தவர்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரின் அப்பாவும் இந்தியர். முதல் குழந்தை பிறக்கும்போதே இந்தியக் குடிமகன். இரண்டாவது குழந்தை, சட்டத்தின் எழுத்துப்படி, இல்லை. 2003க்கும் 2006க்கும் இடையே இதே தம்பதிக்குப் பிறந்த அண்ணன் தங்கை இருவரில் அண்ணன் இந்தியர், தங்கை இந்தியர் அல்ல என்ற நிலைகூட வரலாம். ஆதார் அட்டை இருக்கிறதே என்று கேட்கலாம். ஆதார் அடையாளச் சான்று மட்டும்தான். குடியுரிமைச் சான்று அல்ல. பாஸ்போர்ட்டுக்கோ அரசு வேலைக்கோ விண்ணப்பிக்கும் நாளில்தான் இந்த வித்தியாசம் பல குடும்பங்களுக்குத் தெரிய வருகிறது.

நீதிமன்றம் திறந்த கதவுகள்

1986 ஏப்ரலில் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணின் வழக்கு இதில் முக்கியமானது. அவருக்குப் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டது. 1987 ஜூலைக்கு முன் இந்தியாவில் பிறந்ததால் அவர் பிறப்பாலேயே இந்தியர் என்று 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வசித்த அவர், 2024 ஏப்ரல் 19 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். கவனிக்க வேண்டியது, நீதிமன்றம் அவருக்குப் புதிதாக எதையும் தரவில்லை. 36 ஆண்டுகளாக அவரிடம் இருந்ததை இருக்கிறது என்று சொன்னது, அவ்வளவுதான். 1983 கலவரத்துக்குப் பிறகு வந்தவர்களுக்கு 1987 ஜூன் வரை பிறந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

மலையகத் தமிழர்களின் கதை வேறு. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை ஏற்பதாக இந்தியா சொன்னது. மிச்சமிருந்த 1,50,000 பேரை இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வது என்று 1974இல் முடிவானது. முறைப்படி வந்தவர்கள் இந்தியர்களாகவே தாயகம் திரும்பினார்கள். ஆனால் தலைமன்னார் - ராமேஸ்வரம் கப்பல் 1984இல் நின்றுபோனது. அதன் பிறகு போருக்குப் பயந்து படகில் வந்த மலையகத் தமிழர்கள், ஒப்பந்தப்படி இந்தியர்களாகியிருக்க வேண்டியவர்களும்கூட, அகதிகள் பட்டியலில் சேர்ந்தார்கள். இதில் ஒரு கசப்பான விஷயம், அவர்களில் பலர் வந்திறங்கிய மண்டபம் முகாம், வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத் தொழிலாளர்களை இலங்கைக்கு அனுப்புவதற்கு முன் நோய்த்தடுப்புக்காகத் தங்கவைத்த அதே இடம்.

இப்படி வந்த சிலர் தொடுத்த வழக்கில் 2019 ஜூன் 17 அன்று நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். அவர்கள் புதிதாக விண்ணப்பிக்கலாம், ஆட்சியர்கள் அதை அனுப்பிவைக்க வேண்டும், மத்திய அரசு 16 வாரங்களில் முடிவெடுக்க வேண்டும் என்றார். ஆனால் இந்தத் தீர்ப்பு விண்ணப்பத்தைப் பரிசீலிக்கத்தான் சொன்னது. குடியுரிமை கொடு என்று நீதிமன்றம் உத்தரவிட முடியாது; அது மத்திய அரசின் அதிகாரம்.

சிஏஏ இவர்களுக்கு ஏன் இல்லை?

2019 டிசம்பரில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டம், பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறிஸ்தவர்களைச் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற வரையறையிலிருந்து விலக்கியது. இயல்புரிமைக்கான 11 ஆண்டு கணக்கையும் அவர்களுக்கு 5 ஆண்டாகக் குறைத்தது. 2024 மார்ச் 11இல் விதிகளும் வந்துவிட்டன. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. அந்த மூன்று நாடுகளிலும் அரச மதம் இருக்கிறது என்பது மத்திய அரசு சொன்ன காரணம். இலங்கை அரசியலமைப்பின் 9ஆவது பிரிவும் பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஆக, அந்த ஒரு வரியைத் தளர்த்துவது முடியாத காரியம் அல்ல. நாடாளுமன்றம் ஏற்கெனவே ஒருமுறை தளர்த்தியிருக்கிறது. அதற்கும் முன்பே, 2004இல், பாகிஸ்தானிலிருந்து வந்த இந்துக்களின் விண்ணப்பங்களை உள்ளூரிலேயே முடிக்க குஜராத், ராஜஸ்தான் எல்லை மாவட்ட ஆட்சியர்களுக்கு மத்திய அரசு அதிகாரம் கொடுத்தது. மனம் இருந்தால் தூத்துக்குடி, ராமநாதபுரம் ஆட்சியர்களுக்கும் அப்படி ஒரு ஏற்பாடு செய்ய முடியும்.

2025 செப்டம்பரில் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது ஒரு சின்ன மாற்றம் நடந்தது. 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்துள்ள இலங்கைத் தமிழர்கள் மீது, பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காக அந்தச் சட்டத்தின் தண்டனை பாயாது என்று விலக்கு கிடைத்தது. முகாம்களில் சிலர் இதையே குடியுரிமைக்கான முதல் படி என்று நம்பினார்கள். சிறைப் பயம் போயிருக்கிறது, உண்மைதான். ஆனால் குடியுரிமைச் சட்டத்தில் உள்ள வரையறையை அந்த விலக்கு தொடவில்லை.

மற்ற நாடுகளில் எப்படி?

இது இந்தியாவுக்கு மட்டுமே உள்ள பிரச்சினை இல்லை. லட்சக்கணக்கான சிரிய அகதிகள் தங்கியிருக்கும் துருக்கியை எடுத்துக்கொள்வோம். அங்கே வெளிநாட்டவர் 5 ஆண்டுகள் தொடர்ந்து வசித்தால் விண்ணப்பிக்கலாம். துருக்கியரை மணந்து 3 ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தாலும் விண்ணப்பிக்கலாம். 4 லட்சம் டாலருக்கு வீடு வாங்கினால் இந்தக் காத்திருப்புகூட வேண்டாம். ஆனால் தற்காலிகப் பாதுகாப்பில் இருக்கும் சிரியர் அங்கே எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும், அது அந்த 5 ஆண்டு கணக்கில் சேராது. பணத்தோடு வந்தவருக்கு ஒரு வாசல், உயிர் பிழைக்க வந்தவருக்கு வேறு வாசல்.

ஆனாலும் துருக்கி அரசு தனக்குள்ள சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி, படித்தவர்கள், தொழில் தெரிந்தவர்கள் எனத் தேர்ந்தெடுத்து 2 லட்சத்துக்கும் மேற்பட்ட சிரியர்களுக்குக் குடியுரிமை கொடுத்தது.

இப்போது என்ன செய்யலாம்?

தமிழ்நாட்டு முகாம்களில் சுமார் 58,000 பேரும், வெளியே காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு சுமார் 34,000 பேரும் வாழ்வதாக 2021இல் அரசு சொன்னது. அந்த ஆண்டில்தான் 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. குடும்பத் தலைவருக்கான உதவித்தொகை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயானது. 7,469 வீடுகளைக் கட்டித்தரும் திட்டமும் வந்தது. மாநில அரசின் கைக்கு எட்டியது இவ்வளவுதான்.

குடும்பங்கள் செய்யக்கூடியது காகிதங்களைச் சேர்த்து வைப்பது. 1987 ஜூலைக்கு முன் பிறந்தவர்கள் பிறப்புச் சான்றிதழை, அது இல்லை என்றால் மருத்துவமனை, உள்ளாட்சிப் பதிவேட்டு நகலை எடுத்து வைக்க வேண்டும். 1987க்கும் 2004 டிசம்பருக்கும் இடையே இந்தியத் தந்தைக்கோ தாய்க்கோ பிறந்தவர்களும் சட்டப்படி இந்தியர்களே. அந்த ஒருவரின் குடியுரிமைக்கு ஆவணம் இருந்தால் போதும். முகாமுக்கு வெளியே கல்யாணம் செய்தவர்கள் திருமணத்தைப் பதிவு செய்வதைத் தள்ளிப்போடக் கூடாது. விமானத்தில் வந்து விசாவில் இருப்பவர்கள் ஒரு நாள்கூடக் காலாவதியாக விட்டுவிடக் கூடாது. விட்டால் அவர்களும் அதே வரையறைக்குள் வந்துவிடுவார்கள்.

படகில் வந்தவர்களுக்கும், 2004 டிசம்பருக்குப் பிறகு அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளுக்கும் ஆவணங்கள் மட்டும் உதவாது. அவர்களுக்குத் தேவைப்படுவது டெல்லியிலிருந்து ஒரு திருத்தம் அல்லது ஒரு அறிவிக்கை. அந்தப் பிள்ளைகளில் மூத்தவர்கள் ஏற்கெனவே வாக்களிக்கும் வயதைத் தாண்டிவிட்டார்கள்.