விலை சொல்வது யார்?



இந்த இதழுக்காகச் சந்தைகளைப் பற்றிக் கட்டுரைகள் கேட்டிருந்தோம். வந்தவற்றைப் படிக்கப் படிக்க ஒரு கேள்வி கூடவே ஓடிக்கொண்டிருந்தது. சந்தையில் விலையைச் சொல்வது யார்? விற்கிறவரா, வாங்குகிறவரா, நடுவில் நிற்கிறவரா? பதில் ஊருக்கு ஊர், சரக்குக்குச் சரக்கு மாறுகிறது.

பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்வதில்லை என்பதுதான் பழைய வழக்கம். தரகரும் வியாபாரியும் கையோடு கை கோத்து மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். எத்தனை விரலைப் பிடிக்கிறார், எப்படிப் பிடிக்கிறார் என்பதில் விலை இருக்கிறது. சுற்றி நிற்பவர்களுக்குத் தெரிவது துண்டின் அசைவும், 'கட்டாது' என்று முகத்தைத் திருப்பிக்கொள்வதும்தான். பக்கத்து மாடு என்ன விலைக்குப் படிந்தது என்பது தெரியாததால் ஒவ்வொரு பேரமும் முதலிலிருந்தே தொடங்கும். எல்லா விலையும் தெரிந்த ஆள் தரகர் ஒருவரே; அவர் பிழைப்பே அதில்தான் இருக்கிறது. செவ்வாயும் வியாழனும் கூடும் இந்தச் சந்தையிலிருந்து கேரளத்துக்கு மாடுகள் லாரி லாரியாகப் போகின்றன.

மாடு விலை படியவில்லை என்றால் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடலாம். மல்லிகைக்கு அந்த வசதி கிடையாது. மதுரை மாட்டுத்தாவணி பூச்சந்தைக்கு வரும் மொட்டு, இருட்டு பிரியும் நேரத்தில் பறித்தது. மாலைக்குள் விரியத் தொடங்கிவிடும். பறித்தவர் அதைத் திருப்பி எடுத்துப்போக முடியாது என்பது வாங்க வந்த அத்தனை பேருக்கும் தெரியும். முகூர்த்த நாளிலும், பனி விழுந்து வரத்து குறையும் மார்கழி, தை மாதங்களிலும் கிலோ ஆயிரங்களில் போகும். வரத்து பெருகி முகூர்த்தமும் இல்லையென்றால் சில நூறு ரூபாய்க்கு இறங்கிவிடும். மிஞ்சுவதை சென்ட் ஆலைக்காரர்கள் அடிமாட்டு விலைக்கு அள்ளிக்கொள்வார்கள். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குக் கிடைத்த காப்பு விலைக்குக் கிடைக்கவில்லை.

அதே பூ தெருமுனைக்கு வரும்போது கிலோ கணக்கு போய் முழக்கணக்கு வந்துவிடுகிறது. காலையில் கிலோ விலை இரண்டு மடங்கானது என்பதற்காகப் பூக்கார அக்கா தன் வாடிக்கைக்காரர்களிடம் முழத்துக்கு இரண்டு மடங்கு கேட்க முடியாது. கேட்டால் அடுத்த முனைக்குப் போய்விடுவார்கள். அதனால் விலையை ஓரளவு ஏற்றி, மீதியை நாரில் சரிக்கட்டுகிறார். மலிந்த நாளில் நெருக்கமாகத் தொடுத்த சரம், ஏறிய நாளில் கொஞ்சம் தள்ளித் தள்ளி விழுகிறது. இதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாங்குபவருக்கும் பார்த்த உடனே தெரிகிறதே!

விவசாயியே நேராக விற்கட்டும் என்று வந்ததுதான் உழவர் சந்தை. முதல் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணாநகரில் திறந்தது. அடையாள அட்டை உள்ள விவசாயிக்குக் கடை வாடகை இல்லை, தராசும் இலவசம். அங்கேயும் விலையைச் சொல்வது அவர் அல்ல. மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதலாகவும், வெளிச்சந்தைச் சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவாகவும் இருக்கும்படி அதிகாரிகள் காலையில் பலகையில் எழுதிப்போடுகிறார்கள். ஆனாலும் எடைபோடுவது அவர் கை, காசு விழுவது அவர் மடியில். எனக்குப் பிடித்த ஏற்பாடு இது. இரண்டு மூட்டை கத்தரிக்காய் விளைந்தவருக்கு நன்றாகவே ஒத்துவருகிறது. இரண்டு டன் தக்காளி விளைந்தவர் உட்கார்ந்து கிலோ கிலோவாக விற்க முடியுமா? அவர் ஒட்டன்சத்திரம் மாதிரி மண்டிக்குத்தான் போயாக வேண்டும்.

மண்டியில் ஏலம். விலையை வாங்குகிறவர்கள் கூவுகிறார்கள். காய்க்குச் சொந்தக்காரர் கூட்டத்தின் ஓரத்தில் நிற்கிறார். கமிஷன், இறக்குக்கூலி, வண்டி வாடகை எல்லாம் போக மிச்சம் என்னவென்று சிட்டையில் பார்த்துக்கொள்ள வேண்டும். விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் வாங்கியிருந்தால் வேறு மண்டிக்கு வண்டியைத் திருப்பவும் முடியாது. மண்டிக்காரரை வில்லனாக்கிவிடுவது சுலபம். விவசாயிக்குக் கையில் பணம் கொடுத்துவிட்டு, கடைக்காரர்களிடம் கடன் சொல்லி விற்று, வசூலுக்கு அலைபவரும் அவர்தான். அந்த வேலையை யாராவது செய்தாக வேண்டும்.

சென்னையில் இந்த வேலை நெடுங்காலம் கொத்தவால் சாவடியின் சந்துகளில் நடந்தது. நெரிசல் தாங்காமல் 1996இல் கோயம்பேட்டுக்குக் குடிபெயர்ந்தது. 2020 மே மாதம் கொரோனாவால் கோயம்பேட்டை மூடித் திருமழிசைக்கு மாற்றியபோதுதான், வீட்டு வாசலுக்கு வரும் தள்ளுவண்டியின் வேர் எங்கே இருக்கிறது என்பது நகரத்தில் பலருக்கு உறைத்தது. செல்போனில் சொன்னால் பத்து நிமிஷத்தில் கத்தரிக்காய் வரும் இந்தக் காலத்தில் பேரத்துக்கு இடமே இல்லை; திரையில் உள்ளதுதான் விலை. சௌகரியம்தான், மறுக்கவில்லை. ஒரு பிடி கொத்தமல்லியைப் பையில் திணித்து, "அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கு?" என்று விசாரிப்பது மட்டும் அதில் வராது.

உங்கள் ஊர்ச் சந்தை எந்தக் கிழமை கூடுகிறது, அங்கே விலையைச் சொல்வது யார் என்று எழுதி அனுப்புங்கள். பேரம் பேசித் தோற்ற கதைகளுக்கு முன்னுரிமை உண்டு.

அன்புடன்,
ஆசிரியர்