பெயர்ப்பலகையில் யாருக்கு இடம்?

சோதனைக் குழாய் குழந்தை என்றதும் மருத்துவர் பாட்ரிக் ஸ்டெப்டோ, விஞ்ஞானி ராபர்ட் எட்வர்ட்ஸ் என்று இரண்டு பெயர்களைச் சொல்கிறார்கள். இங்கிலாந்தின் ஓல்டாம் என்ற ஆலைநகரில் வேலை பார்த்துக்கொண்டே, பலர் நம்பாத லேப்ராஸ்கோப்பியைக் கைவசப்படுத்தியவர் ஸ்டெப்டோ. அவர் திறமையை நாம் மறுக்கவில்லை.

ஆனால் 1978 ஜூலை 25 அன்று லூயிஸ் பிரவுன் பிறந்தது இரண்டு ஆண்களின் சாதனை மட்டும்தானா? ஆய்வகத்தில் கருவைக் கண்காணித்து வளர்த்தவர் ஜீன் பர்டி. செவிலியராகப் பயிற்சி பெற்றவர். 1969 முதல் 1978 வரை 282 பெண்கள் இந்தச் சோதனைக்குத் தங்கள் உடலைக் கொடுத்தார்கள். அவர்களில் குழந்தை பெற்றவர்கள் இருவர்தான்.

மருத்துவமனைப் பெயர்ப்பலகையில் பர்டியையும் சேர்க்கச் சொல்லி 1981இல் எட்வர்ட்ஸே எழுதினார். அதிகாரிகள் சேர்க்கவில்லை. 1985இல், 39 வயதில், பர்டி இறந்தார். மூவர் பெயரும் கொண்ட பலகை வந்தது 2015இல்.

உழைப்பு ஒருவருக்கு, பெயர் இன்னொருவருக்கு என்பது சாதியச் சமூகத்தில் வாழும் நமக்குப் புதிதல்ல. ஊருக்கெல்லாம் பிரசவம் பார்த்துவிட்டுத் தெருவுக்கு வெளியே நிறுத்தப்பட்ட நம் பாட்டிகளின் பெயர் எந்த மருத்துவ வரலாற்றில் இருக்கிறது?

தோழர்களே, மேதைகளின் வரலாற்றைப் படியுங்கள். கூடவே கேளுங்கள்: வேலை செய்தது யார்? உடலைக் கொடுத்தது யார்? பெயரை அழித்தது யார்?